ஒரு துளி இரத்தம் காசநோயைக் காட்டுமா?

இருமல் இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும் என்று மருத்துவர் கூறுகிறார். கேட்பவர் முகம் சுளிக்கிறார். “சளி எதற்கு டாக்டர்? இரத்தம் எடுத்துப் பார்த்துவிடுங்களேன்” என்கிறார். சர்க்கரையையும் இரத்தசோகையையும் இன்னும் எத்தனையோ நோய்களையும் இரத்தம் காட்டிக் கொடுக்கும்போது, காசநோயை மட்டும் காட்டாதா? கேள்வி நியாயமானதே. இதற்கு விடை காண அறிவியலார் நூறாண்டுகளுக்கு மேல் உழைத்தனர். விடை தெரிந்த பின்னும் பல ஊர்களில் அதை ஏற்பதற்குத் தயக்கம் இருந்தது. நம் பள்ளி மலரைப் படிக்கும் பெற்றோர்களுக்கும் சகோதரிகளுக்கும் மாணவியர்க்கும் அந்த வரலாற்றை எடுத்துக் கூறுவதே எங்கள் நோக்கம்.

நம் பாட்டிமார் இந்நோயை எலும்புருக்கி என்றும் சயரோகம் என்றும் அழைத்தனர். உடல் மெலிந்து, மாலையில் காய்ச்சல் வந்து, இரவில் வியர்த்து, இருமலில் இரத்தம் கலந்து வரும் நோய் அது. அதற்குக் காரணம் ஒரு கிருமி என்பதை ராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய மருத்துவர் 1882-ஆம் ஆண்டு மார்ச் 24-ஆம் நாள் பெர்லின் நகரில் அறிவித்தார். நுரையீரலில் நோய் முற்றியவர் இருமும்போது கிருமிகள் காற்றில் கலக்கின்றன. மருந்து உண்ணாத நோயாளி ஒருவரிடமிருந்து ஓர் ஆண்டில் பத்து முதல் பதினைந்து பேர் வரை கிருமியைப் பெறக்கூடும் என்பர். ஆகவே நோயாளியை விரைவில் கண்டுபிடிப்பது அவருக்கு மட்டுமன்றி, அவர் வீட்டாருக்கும் அண்டை வீட்டாருக்கும் நன்மை.

கண்டுபிடிக்கும் பழைய வழி எளியது. சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்த்தால் நீலப் பின்னணியில் சிவப்புக் கோல்களாகக் கிருமிகள் தெரியும். செலவு குறைவு, கிருமியை நேருக்கு நேர் காணலாம். ஆனால் ஒரு மில்லிலிட்டர் சளியில் ஏறத்தாழ ஐயாயிரம் முதல் பத்தாயிரம் கிருமிகளாவது இருந்தாலன்றிக் கண்ணுக்கு அகப்படா. சிறு குழந்தைகளுக்கோ சளியைக் காறி வெளியேற்றத் தெரியாது, விழுங்கிவிடுவர். சளியை ஊட்டப்பொருளில் இட்டுக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறை இதைவிட நுட்பமானது. ஆயினும் இக்கிருமி மிகவும் சோம்பேறி. பிற பல கிருமிகள் அரை மணிக்குள் இரண்டாகும்போது, இது இரண்டாக ஒரு நாளின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்கிறது. எனவே வளர்ப்புச் சோதனையின் முடிவுக்குப் பல வாரங்கள் காத்திருக்க வேண்டும். விரல் நுனியில் ஊசி குத்தி ஒரு துளி இரத்தத்தில் சில நிமிடங்களில் விடை தெரியுமானால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று மருத்துவர்கள் ஏங்கியதில் வியப்பில்லை.

அந்த ஏக்கத்துக்கு ஓர் அடிப்படையும் இருந்தது. கிருமி உடலுக்குள் புகுந்தால் நம் உடல் அதை எதிர்த்துச் சில புரதங்களை உண்டாக்குகிறது. அவற்றை எதிர்ப்பொருள்கள் என்கிறோம். இரத்தத்தின் தெளிந்த பகுதியாகிய சீரத்தில் அவை மிதக்கின்றன. 1896-இல் பிரான்சு நாட்டின் விடால் என்பவர், டைபாய்டு நோயாளியின் சீரத்தோடு டைபாய்டு கிருமிகளைக் கலந்தால் அவை கட்டி கட்டியாகத் திரள்வதைக் கண்டு, அதையே நோயறியும் சோதனையாக்கினார். காய்ச்சல் விடாதபோது மருத்துவர் எழுதிக் கொடுக்கும் ‘விடால் டெஸ்ட்’ அவர் பெயரைத் தாங்கியதே. இரண்டே ஆண்டுகளில், 1898-இல், அதே நாட்டின் ஆர்லுவான் காசநோய்க்கும் இதே முறையைச் செய்து பார்த்தார். முடிவு உறுதியாக அமையவில்லை. ஆனாலும் ஆசை விடவில்லை. கருவிகள் திருந்தத் திருந்த, புதிய பெயர்களில் இம்முயற்சி மீண்டும் மீண்டும் எழுந்தது.

1971-இல் எலைசா என்னும் முறை வந்தபோது நம்பிக்கை பெரிதும் வளர்ந்தது. பணியாரச் சட்டியைக் கைக்கடக்கமாகச் சுருக்கி, 96 குழிகள் வைத்தாற்போன்ற ஒரு தட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு குழியின் அடியிலும் காசநோய்க் கிருமியின் புரதம் பூசப்பட்டிருக்கும். நோயாளியின் சீரத்தை அதில் விட்டால், எதிர்ப்பொருள் இருப்பின் அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும். பிறகு குழியைக் கழுவி, அந்த எதிர்ப்பொருளை மட்டும் தேடிப் பிடிக்கும் வேறொரு பொருளை நிறமுண்டாக்கும் நொதியுடன் சேர்த்து விடுவர். நிறம் தோன்றினால் எதிர்ப்பொருள் இருக்கிறது என்பது பொருள். நிறம் எவ்வளவு ஆழமாயிருந்தால் நோய் என்று கொள்வது? அந்த எல்லைக்கோட்டைச் சோதனை செய்பவரே வரைய வேண்டும். இந்த எல்லைக்கோட்டை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறோம். தொல்லையில் பாதி அதில்தான் தொடங்கியது. பின்னாளில் இதே கருத்தைச் சிறிய காகிதப் பட்டையில் அமைத்து, ஒரு துளி சீரம் இட்டால் கோடு தோன்றும்படி செய்து, பெட்டி பெட்டியாக விற்கலாயினர்.

இனி, காசநோயில் இம்முறை ஏன் தடுமாறுகிறது என்று பார்ப்போம். டைபாய்டு கிருமி இரத்தத்தில் உலவுகிறது. காசநோய்க் கிருமியோ, தன்னை விழுங்க வரும் வெள்ளணுவுக்குள்ளேயே குடியேறிவிடும் தந்திரசாலி. உள்ளே ஒளிந்திருப்பதை இரத்தத்தில் மிதக்கும் எதிர்ப்பொருளால் எட்ட முடியாது. அதை எதிர்த்துப் போராடும் பெரும்பணி உயிரணுக்களுடையது. ஆகவே நோயாளிகள் எல்லோரிடமும் எதிர்ப்பொருள் ஒரே அளவில் உண்டாவதில்லை. ஒருவரிடம் ஒரு புரதத்துக்கு எதிராகவும், இன்னொருவரிடம் வேறொரு புரதத்துக்கு எதிராகவும் உண்டாகும். சிலரிடம் கணக்கில் கொள்ளும் அளவுக்கு உண்டாவதேயில்லை. குழந்தைகளிடமும், எச்.ஐ.வி. தொற்றால் உடல் தளர்ந்தவர்களிடமும் இக்குறை மிகுதி. சளியில் கிருமி தெரியாமல் மருத்துவரைத் திகைக்க வைப்பவர்களும் இவர்களே அல்லவா? எங்கே உதவி தேவையோ அங்கேதான் இச்சோதனை மிகுதியாகக் கைவிடுகிறது.

மறுபுறமும் ஒன்றுண்டு. உலக மக்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவரது உடலில் காசநோய்க் கிருமி ஒருமுறையேனும் புகுந்திருக்கிறது என்று மதிப்பிடுகின்றனர். அவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேரே வாழ்நாளில் நோயாளி ஆகின்றனர். மற்றவர்களிடம் கிருமி உறங்கிக் கிடக்கிறது, அல்லது அழிந்துவிடுகிறது. நமக்குக் குழந்தைப் பருவத்தில் இடது தோளில் போட்ட பி.சி.ஜி. ஊசியிலும் இவ்வினத்தைச் சேர்ந்த, வலுவிழந்த கிருமியே உள்ளது. மண்ணிலும் நீரிலும் தீங்கு அதிகம் செய்யாத ஒன்றுவிட்ட உறவினர்கள் பல உண்டு. தொழுநோய்க் கிருமியும் இக்குடும்பமே. இவற்றில் எதைச் சந்தித்தாலும் உடல் அதைப் போன்ற எதிர்ப்பொருளை உண்டாக்கக்கூடும். ஆக, எதிர்ப்பொருள் என்பது ‘முன்பு எப்போதோ சந்தித்திருக்கிறோம்’ என்னும் நினைவு. ‘இப்போது நோய் இருக்கிறது’ என்னும் சான்று அன்று.

அப்படியானால் எச்.ஐ.வி.க்கு எதிர்ப்பொருள் சோதனை மட்டும் எப்படிச் சரியாக இருக்கிறது என்று எங்கள் வகுப்பிலேயே ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. அக்கிருமி ஒருமுறை புகுந்தால் உடலை விட்டு நீங்குவதில்லை. எனவே அங்கே எதிர்ப்பொருள் இருப்பதும் கிருமி இருப்பதும் ஒன்றே. காசநோயில் அவை இரண்டும் வேறு வேறு.

ஒரு சோதனையின் தரத்தை எப்படி மதிப்பிடுவது? இரண்டு கேள்விகள் கேட்க வேண்டும். உண்மையில் நோயுள்ள நூறு பேரில் எத்தனை பேரை அது ‘உண்டு’ என்று சொல்கிறது? இதைக் கண்டறியும் திறன் எனலாம். அந்நோய் இல்லாத நூறு பேரில் எத்தனை பேரை ‘இல்லை’ என்று சரியாக விடுவிக்கிறது? இது பிரித்தறியும் திறன். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறைத்தால் எந்தச் சோதனையும் சிறந்ததாகத் தோன்றும். வருவோர் எல்லோருக்கும் ‘உண்டு’ என்று முத்திரை குத்தும் ஒரு பொம்மைகூட நோயாளி ஒருவரையும் தவற விடாதே!

இவ்விரண்டையும் சேர்த்துப் பார்த்தால் என்ன ஆகிறது என்பதை எங்கள் அறிவியல் மன்றத்தில் புளியங்கொட்டைகளை வைத்துக் கணக்கிட்டோம். ஆயிரம் கொட்டைகள் இருமலோடு மருத்துவமனைக்கு வரும் ஆயிரம் பேர். அவற்றில் நூற்றை ஒருபுறம் வெள்ளையாகத் தேய்த்தோம். அவர்களே உண்மையான காசநோயாளிகள். சோதனையின் கண்டறியும் திறன் 60 விழுக்காடு, பிரித்தறியும் திறன் 80 விழுக்காடு என்று வைத்துக்கொண்டோம். கேட்பதற்கு மோசமில்லை, தேர்வில் வாங்கினால் வீட்டில் பாராட்டுவர். கொட்டைகளைப் பிரித்தபோது, நூறு நோயாளிகளில் அறுபது பேர் அகப்பட்டனர். நாற்பது பேருக்கு ‘நோயில்லை’ என்று சீட்டுக் கிடைத்தது. நோயற்ற தொள்ளாயிரம் பேரில் நூற்றெண்பது பேருக்கு ‘நோயுண்டு’ என்று வந்துவிட்டது. ஆக, ‘உண்டு’ என்ற குவியலில் 240 கொட்டைகள். அவற்றுள் வெள்ளைக் கொட்டை 60 மட்டுமே. நோய் என்று சொல்லப்பட்ட நால்வரில் மூவர் நோயற்றவர்! குவியலைப் பார்த்த மாணவியர் சிலர், கணக்கில் பிழை என்று எண்ணி மீண்டும் எண்ணினர். பிழையில்லை. பழைய சளிப் பரிசோதனையும் அதே அறுபது பேரைக் கண்டுபிடிப்பதாகவே வைத்து, பிரித்தறியும் திறனை மட்டும் 98 விழுக்காடாக மாற்றினோம். தவறாகச் சிக்கியவர்கள் 180-லிருந்து 18 ஆயினர்.

இருமலே இல்லாத ஆயிரம் மாணவியர்க்கு இச்சோதனையைச் செய்து, அவர்களில் ஐவர்தாம் நோயாளிகள் என்று கொண்டால் நிலைமை இன்னும் விபரீதம். மூவர் அகப்படுவர்; அவர்களோடு 199 பேர் வீணாக அகப்படுவர். நோய் அரிதாக ஆக, ‘உண்டு’ என்ற சொல்லின் மதிப்பும் குறைந்துகொண்டே போகிறது.

கொட்டைகளை மீண்டும் டப்பாவில் போட்டுவிடலாம். மனிதரை அப்படிச் செய்ய முடியுமா? தவறாகச் சிக்கியவர் குறைந்தது ஆறு மாதம் வேண்டாத மருந்துகளை உண்ண வேண்டும். அம்மருந்துகள் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கி மஞ்சட்காமாலையை வருவிக்கும். அவருடைய உண்மையான நோய் ஆஸ்துமாவோ புற்றுநோயோ, அது கவனிக்கப்படாமல் வளரும். அவர் பெண்ணாக இருந்தாலோ, ‘அந்த வீட்டில் டி.பி.’ என்ற ஒரு சொல் திருமணப் பேச்சை நிறுத்தப் போதும். அச்சொல் தவறானது என்று பின்னர் தெரிந்தாலும் ஊர் வாய் எளிதில் மூடாது. தவற விடப்பட்ட நாற்பது பேரின் கதை வேறு. ‘ஒன்றுமில்லை’ என்ற சீட்டை நம்பி அவர்கள் வகுப்பறைக்கும் பேருந்துக்கும் தொழிற்சாலைக்கும் செல்வர். வீட்டில் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு இருமுவர். எங்கள் கருத்தில், ஒரு சோதனையும் இல்லாமலிருப்பதைவிடப் பொய்யான உறுதி தரும் சோதனை கொடியது.

தவறான முத்திரை இரத்தச் சோதனையோடு பிறந்ததன்று. கணித மேதை இராமானுஜன் இங்கிலாந்தில் 1917 முதல் நோயுற்றபோது காசநோய் எனக் கருதி அவரைச் சானடோரியங்களில் வைத்தனர். அவருக்கு மருத்துவம் பார்த்தவருள் ஒருவரான டேவிட் சவுரிமுத்து பின்னர் 1928-இல் தாம்பரத்தில் காசநோய் இல்லத்தை நிறுவினார். ரயில் நிலையம் இன்றும் ‘சானடோரியம்’ என்றே வழங்குகிறது. இராமானுஜன் 1920-இல், 32 வயதில் மறைந்தார். பழைய மருத்துவக் குறிப்புகளை ஆராய்ந்த ஒருவர் 1994-இல், அவருக்கு இருந்தது பெரும்பாலும் காசநோயன்று, கல்லீரலில் அமீபா உண்டாக்கிய நோய் என்று எழுதினார். இனி அதை உறுதி செய்ய வழியில்லை.

இவ்வளவு குறைகள் இருந்தும் இரத்தச் சோதனைகள் நல்லவை என்று சொன்ன கட்டுரைகள் எவ்வாறு வெளிவந்தன? இங்கேதான் மதிப்பீட்டின் சூட்சுமம் இருக்கிறது. பல ஆய்வுகளில், நோய் நன்கு முற்றிய மருத்துவமனை நோயாளிகளை ஒருபுறமும், திடகாத்திரமான இரத்த தானம் செய்வோரை மறுபுறமும் நிறுத்தினர். இந்த இருவரையும் வேறுபடுத்த வாயிற்காவலருக்கும் முடியும்! மருத்துவரின் குழப்பம் வேறு. அவர் முன் அமர்ந்திருக்கும் இருவரும் இருமுகின்றனர், இருவரும் மெலிந்திருக்கின்றனர், ஒருவருக்குக் காசநோய், மற்றவருக்கு நாட்பட்ட மூச்சுக்குழல் அழற்சி. இவர்களைப் பிரித்துக் காட்டினால்தான் சோதனை பயன்படும். ஆகவே எவரிடம் பயன்படுத்தப் போகிறோமோ அவர்களைப் போன்றவர்களிடமே சோதித்துப் பார்க்க வேண்டும். சோதிப்பவருக்கு எந்தச் சீரம் யாருடையது என்று தெரியலாகாது. விடைத்தாளில் பெயருக்குப் பதில் எண் இடுவது எதற்கோ அதற்கே இதுவும். உண்மையில் யார் நோயாளி என்பதைக் கிருமி வளர்ப்புச் சோதனையால் தனியே நிறுவியிருக்க வேண்டும். முன்பு சொன்ன எல்லைக்கோட்டையும் முதலிலேயே வரைந்துவிட வேண்டும். முடிவுகளைப் பார்த்த பிறகு நமக்குச் சாதகமான இடத்தில் கோட்டை நகர்த்துவது, அம்பு தைத்த இடத்தைச் சுற்றி வட்டம் போடுவதாகும். விற்பனை செய்பவரே பணம் கொடுத்து ஆய்வு நடத்தினால் என்ன நேரும் என்பதை நாம் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

உலக சுகாதார நிறுவனத்தோடு இணைந்த வெப்பமண்டல நோய் ஆய்வுத் திட்டத்தார் இந்த விதிகளை மனத்திற்கொண்டு ஒரு பரீட்சை நடத்தினர். காசநோய் ஐயத்துடன் வந்தவர்களிடமிருந்து பெற்றுச் சேமித்த 350-க்கும் மேற்பட்ட சீரங்களை எடுத்து, கடைகளில் விற்ற 19 விரைவுச் சோதனைகளை அவற்றின்மீது வைத்துப் பார்த்தனர். முடிவு 2008-இல் வெளியாயிற்று. நோயாளிகளைக் கண்டறியும் திறன் நூற்றுக்கு ஒன்றிலிருந்து அறுபது வரை. பிரித்தறியும் திறன் 53-லிருந்து 99 வரை. நூறு நோயாளிகளில் ஒருவரை மட்டும் காணும் சோதனையும் அழகிய பெட்டியில் விலைக்கு இருந்தது என்றால் என்ன சொல்வது!

அதன்பின் உலகெங்கும் வெளிவந்த ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, 2011 ஜூலையில் உலக சுகாதார நிறுவனம் நுரையீரல் காசநோயையோ பிற உறுப்புகளின் காசநோயையோ அறிய இந்த எதிர்ப்பொருள் சோதனைகளைப் பயன்படுத்தவே கூடாது என்று அறிவித்தது. காசநோய்த் துறையில் ‘இதைச் செய்யாதீர்’ என்று அந்நிறுவனம் வெளிப்படையாகக் கூறியது அதுவே முதல் தடவை. அப்போது இந்தியாவில் மட்டும் ஆண்டுக்குப் பதினைந்து லட்சம் சோதனைகள் நடந்தன என்று மதிப்பிட்டிருந்தனர். அந்தப் பதினைந்து லட்சம் பேருக்குச் சளிப் பரிசோதனையை விட்டு இரத்தச் சோதனை செய்தால், நோயில்லாமல் நோயாளி எனப்படுவோர் 1,21,000 பேர் அளவுக்கு மிகுவர் என்று அதே ஆண்டில் வெளிவந்த ஒரு கணக்கு காட்டிற்று. எங்கள் புளியங்கொட்டைகள் சொன்னதும் அதுவே. 2012 ஜூனில் இந்திய அரசு இச்சோதனைப் பெட்டிகளின் இறக்குமதி, உற்பத்தி, விற்பனை ஆகியவற்றைத் தடை செய்தது.

இதனால் எதிர்ப்பொருள் ஆராய்ச்சி வீண் என்று யாரும் எண்ணலாகாது. சென்னைச் சேத்துப்பட்டில் 1956-இல் தொடங்கி, இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என வழங்கும் நிலையத்திலும் கிருமியின் தனித்தனிப் புரதங்களைப் பிரித்தெடுத்து, அவற்றைப் பலவாறு சேர்த்துச் சோதித்துள்ளனர். தடை விதிக்கப்பட்டது தேறாத சோதனையின் விற்பனைக்கு, தேடுதலுக்கன்று.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். காசநோய்க்காக இரத்தம் எடுக்கும் வேறொரு சோதனை உண்டு. அது எதிர்ப்பொருளைத் தேடுவதன்று. வெள்ளணுக்கள் காசநோய்க் கிருமியின் புரதத்தைக் கண்டு இன்டர்ஃபெரான் காமா என்னும் பொருளைச் சுரக்கின்றனவா என்று பார்ப்பது. கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மாண்டூ சோதனையைப் போல, கிருமி உடலில் புகுந்திருக்கிறதா என்பதை மட்டுமே அது கூறும். நோய் இருக்கிறதா என்று கூறாது.

சளிக்குத் திரும்புவோம். 2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஏற்ற ஒரு கருவி, சளியிலுள்ள கிருமியின் மரபணுவை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் கண்டுபிடிக்கிறது. ரிஃபாம்பிசின் என்னும் முக்கிய மருந்துக்குக் கிருமி கட்டுப்படுமா என்றும் சொல்லிவிடுகிறது. இந்தியாவில் உருவான ட்ரூநாட் கருவியும் 2020-இல் அதே ஏற்பைப் பெற்றது. அரசு மருத்துவமனைகளில் இச்சோதனைகளுக்குக் கட்டணமில்லை. சளி துப்பத் தெரியாத குழந்தைக்கு, இரவில் விழுங்கிய சளியை அதிகாலையில் வெறும் வயிற்றிலிருந்து மெல்லிய குழாய் வழியே எடுத்துப் பார்ப்பர்.

ஆனால் எவ்வளவு விலையுயர்ந்த கருவியானாலும் நாம் கொடுக்கும் சளி நல்லதாயிருக்க வேண்டும். டப்பாவில் எச்சிலைத் துப்பிவிட்டு வருவோரே மிகப் பலர். காலையில் எழுந்ததும், ஏதும் உண்ணுமுன், வாயை வெறும் தண்ணீரால் கொப்பளிக்க வேண்டும். பிறர் இல்லாத திறந்த வெளிக்குச் சென்று, இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, நெஞ்சின் அடியிலிருந்து இருமி, கெட்டியாக வருவதை டப்பாவினுள் துப்ப வேண்டும். வெளிப்புறத்தில் படலாகாது. மூடியை இறுக மூடி, பெயர் எழுதிய சீட்டு டப்பாவின் மேல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். மூடியின்மேல் ஒட்டலாகாது, சோதனைச்சாலையில் மூடிகள் மாறிப் போகக்கூடும்.